யார் வீட்டு ரத்தம்

பாபு,

போன் பண்ணினால் டூட்டியில் இருக்கிறேன் என்கிறாய். டூட்டி முடிந்திருக்கும் என்று பார்த்துப் பண்ணினால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் கட்டை விரலை நீட்டிய படம் ஒன்று வருகிறது. அதற்குச் சரி என்று அர்த்தமா, போதும் நிறுத்து என்று அர்த்தமா, எனக்கு விளங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதுகிற தெம்பும் எனக்கு இல்லை. சர்க்கரையில் பாதம் எரிகிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ் ஏறி இறங்கி இடுப்பு விட்டுப் போச்சு. ஆனால் நீ சனிக்கிழமை மஸ்கட்டிலிருந்து வந்து இறங்குகிறாய், ஞாயிற்றுக்கிழமை கண்டமங்கலத்தில் மீனா வீட்டில் பேச்சுக்கு உட்காருவதாக ஏற்பாடு, அன்றைக்கே கட்டினவள் வேண்டாம் என்று தீர்த்துக்கொண்டு திரும்புவதாக உன் யோசனை. இதெல்லாம் உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ அங்கே போய் உட்காருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. படித்துவிட்டு என்மேல் கோபப்படு, பரவாயில்லை.

உன் பிள்ளை கவினுக்குக் காது குத்திய அன்றைக்கு நீயும்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாய். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் நம் குலதெய்வத்துக் கோயில், நல்ல வெயில், மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலையோடு பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தான். மீனாவின் அண்ணன் செல்வம் புது வேட்டி கட்டி, தான் வாங்கி வந்த கடுக்கனை எடுத்துக் கொடுத்தான். ஆசாரி வலது காதில் குத்தினார். ஒரு சொட்டு ரத்தம் வரும், மஞ்சளை வைத்தால் நின்றுவிடும், எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். இவனுக்கு நிற்கவில்லை. பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிற வரைக்கும் நிற்கவில்லை. செல்வத்தின் வேட்டி மடியெல்லாம் சிவந்து போனது. இடது காதை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தோம். அப்போது நம் சொந்தத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், "மாமன் மடி ஆகலப்பா, அதான் அம்மன் காட்டிக் குடுத்துட்டா" என்றார். பிள்ளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, அந்த ஆளுக்குச் சோற்றுக் கை இன்னும் காயவில்லை, அதற்குள் தீர்ப்பு. நீ அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாய்.

அதற்கு முன்னாலும் அறிகுறி இருந்தது. தவழ ஆரம்பித்ததிலிருந்தே முட்டியில், நெஞ்சில் நீலம் நீலமாகக் கன்றிப் போகும். "புள்ளைய எங்க போட்ட? இப்பிடிக் கன்னிப் போயிருக்குது" என்று உன் அம்மா மீனாவைக் கேட்பாள். அந்தப் பெண் "நான் எங்கியும் போடல அத்தை" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அப்புறம் பதிலே சொல்லாமல் பிள்ளைக்கு முழுக்கை சட்டை போட ஆரம்பித்தாள். சித்திரை வெயிலில் முழுக்கை சட்டை. அதற்கும் ஒரு பேச்சு வந்தது.

நோயின் பெயர் ஹீமோபிலியா என்று விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரத்தம் உறைவதற்கு உடம்பு செய்துகொள்கிற சரக்குகளில் ஒன்று இவன் உடம்பில் இல்லை. அதை ஊசியாக ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஏற்றினால் மற்றப் பிள்ளைகளைப்போல வளரலாம், பள்ளிக்கூடம் போகலாம் என்றார்கள். நீ மறுபடி மஸ்கட் போய்ச் சேர்ந்த பிறகு இன்டர்நெட்டில் தேடிப் பார்த்து, இந்த நோய் அம்மா வழியாகத்தான் வரும் என்று கண்டுபிடித்தாய். கண்டுபிடித்ததை உன் அம்மாவுக்கு அனுப்பினாய். அவள் நம் சொந்தத்துக்கு எல்லாம் சொன்னாள். 'மாமன் மடி ஆகல' என்றிருந்தது 'அவங்க வூட்டு ரத்தமே சரியில்ல, தெரிஞ்சே மறைச்சிக் கட்டிக் குடுத்துட்டாங்க' என்று மாறியது. மீனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்டமங்கலம் போனாள். போகச் சொன்னார்கள் என்பதுதான் சரி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நம் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். மீனாவின் ரத்தத்தையும் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் கூடப் போயிருந்தேன். செல்வம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அவன் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன், ஒரு நாள் லீவு போட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். தங்கைக்கு எடுத்து முடித்ததும் இவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். "எனக்கும் எடுங்க மேடம். எங்க வூட்டு ரத்தம்னு சொல்லிக்கினு இருக்காங்க. என்னுதையும் பாத்துட்டு எழுதிக் குடுங்க" என்றான். அந்த டாக்டரம்மா, வயதில் உன்னைவிடச் சின்னவள், "உங்களுக்குத் தேவையில்லைங்க, உக்காருங்க" என்றாள். அவன் உட்காரவில்லை. சட்டையையும் இறக்கிவிடவில்லை. நான் அவனைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடிவு வர நாளானது. மீனாவின் ரத்தத்தில் அந்தக் கோளாறு இல்லை என்று வந்தது. நீ அதை நம்பவில்லை. "ரிப்போர்ட்டு மாத்தி வாங்கியிருப்பாங்கப்பா" என்றாய். அது எனக்குக் கேவலமாக இருந்தது, உனக்காகத்தான் கேவலமாக இருந்தது. பிறகு கவினின் ரத்தத்தையும் மீனாவின் ரத்தத்தையும் வெளியூருக்கு அனுப்பி, ரத்தம் உறைய வைக்கிற மரபணுவையே முழுசாகப் படித்துப் பார்த்தார்கள். போன வாரம் டாக்டரம்மா என்னையும் மீனாவையும் உட்கார வைத்துச் சொன்னாள். அதை உனக்குப் போனில் பாதி சொல்வதற்குள் நீ வைத்துவிட்டாய். மீதியோடு சேர்த்து எழுதுகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சுருட்டி வைத்திருக்கிற மரபிழையில், டி.என்.ஏ. என்கிறார்களே அதில், இடம் மாறுகிற துண்டுகள் என்று ஒரு வகை இருக்கிறதாம். பெரும்பாலானவற்றுக்கு உடம்பில் வேலை ஒன்றும் கிடையாது. அதில் ஒன்று தன்னைத்தானே நகல் எடுத்து, அந்த நகலை வேறோர் இடத்தில் கொண்டுபோய்ச் செருகிவிடும். "நம்ம மரபிழையில கிட்டத்தட்டப் பாதி இந்த மாதிரி துண்டுங்களும் அதோட மிச்சமும்தான் ஐயா. எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. பெரும்பாலும் எப்பவோ செத்துப் போனது. ஒரு சிலது மட்டும் இன்னும் நடமாடிக்கினு இருக்கும்" என்றாள். அப்படி நடமாடுகிற ஒன்றின் நகல், ரத்தம் உறைய வைக்கிற மரபணுவின் நட்டநடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால் அந்த மரபணு வேலை செய்யவில்லை. மீனாவுக்கு அது இல்லை, அவள் அப்பனுக்கோ பாட்டனுக்கோ இருந்து வந்ததும் இல்லை. புதிதாக, கவினிடத்தில் நடந்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் இந்த நோய் புதிதாக வருகிற பிள்ளைகள் நிறைய உண்டு என்றும் சொன்னாள்.

நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு முன்னால் நானே கேட்டேன். "எங்க வச்சி நடந்துச்சும்மா? அவங்க அம்மாகிட்டயா?" என்றேன். மீனா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டேன், கேட்காமல் வந்தால் நீ என்னை விடமாட்டாய். டாக்டரம்மா "முடிவா சொல்ல முடியாதுங்க. அம்மாவோட கருமுட்டையில நடந்திருக்கலாம். புள்ள உருவான முதல் நாளுங்கள்ல, வயித்துக்குள்ள நடந்திருக்கலாம். அப்பிடி நடந்திருந்தா, குதிச்ச துண்டு அம்மா குடுத்த பாதியிலிருந்தும் கிளம்பியிருக்கலாம், அப்பா குடுத்த பாதியிலிருந்தும் கிளம்பியிருக்கலாம்" என்றாள்.

அதை இன்னொரு தடவை படி. அப்பா கொடுத்த பாதி. உனக்கு யார் கொடுத்தது? நானும் உன் அம்மாவும். ஆக அந்தத் துண்டு என்னிடமிருந்தே வந்திருக்கலாம், எனக்கு முன்னால் பெருமுக்கல் பக்கம் ஏர் ஓட்டிய நம் பாட்டன் பூட்டன் எல்லார் உடம்பிலும் சும்மா கிடந்து, கவினிடம் வந்து குதித்திருக்கலாம். வரவில்லை என்று சத்தியம் பண்ண உன்னால் முடியுமா? என்னால் முடியாது. அந்த டாக்டரம்மாவாலேயே முடியவில்லை. நம் சொந்தக்காரர் ஒருவருக்கு மட்டும் கோயில் வாசலில் நின்றபடியே முடிந்தது.

இந்தக் கதை எனக்குப் புதிதில்லை என்பதுதான் வேடிக்கை. விதைப்பண்ணையில் நான் காலமெல்லாம் பார்த்த வேலை உனக்குத் தெரியும். விதைக்கடலைக்கு விட்ட மல்லாட்டைக் கொல்லையில் வரிசை வரிசையாக நடந்து, ரகத்துக்குச் சேராத செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்கிப் போடுவது. அந்தச் செடிக்குக் கலவன் என்று பெயர். கொத்து ரகம் போட்டிருப்போம், நடுவில் ஒரு செடி கொடி மாதிரிப் படர்ந்துகொண்டு நிற்கும். பிடுங்க வேண்டியது. பிடுங்கியதும் யாரையாவது திட்ட வேண்டியது. களத்தில் காயவைத்த பெண்களை, மூட்டை கட்டியவர்களை, "எவ மாத்திக் கொட்னது" என்று ஒரு பாட்டம் திட்டுவோம். அவர்கள் அம்மன்மேல் சத்தியம் பண்ணுவார்கள். கலவன் என்றாலே யாரோ கலந்துவிட்டார்கள் என்றுதான் எங்களுக்குப் புத்தி போகும். ஒரு வருஷம் ஒரு விஞ்ஞானி வந்தார். விதையை அவரே கையால் பொறுக்கி, அவரே விதைக்க வைத்து, அதிலும் ஒரு கலவன் வந்து நின்றது. "யாரும் கலக்கலைங்க. உள்ளயே ஒரு துண்டு எடம் மாறிடுச்சி" என்றார். நான் அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு.

அந்தச் செடியை அவர் பிடுங்க விடவில்லை. ஒரு துணியைக் கிழித்து அடையாளம் கட்டி வைத்தார், விதையைத் தனியே எடுத்துப் போனார். பயிர்களில் புதுப்புது குணங்கள் வந்ததில் இந்தத் துண்டுகளுக்குப் பங்கு உண்டு என்று சொன்னார். நீங்கள் பள்ளிக்கூடத்தில் உருண்டைப் பட்டாணி, சுருங்கின பட்டாணி என்று படித்தீர்களே, அந்தச் சுருக்கமே ஒரு மரபணுவுக்குள் இப்படி ஒரு துண்டு போய் உட்கார்ந்ததால் வந்ததுதானாம். மக்காச்சோளக் கதிரில் பொட்டுப் பொட்டாக நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் இந்தத் துண்டுகளை முதன்முதலில் ஓர் அம்மையார் கண்டுபிடித்தாராம், ரொம்ப காலத்துக்கு அவர் சொன்னதை யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லையாம்.

நம் டாக்டரம்மாவும் இப்படித்தான் எனக்கு ஆறுதலாக ஏதோ சொல்லப் பார்த்தாள். "இதுங்களால நல்லது எதனா உண்டாம்மா?" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். வயிற்றில் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்து சோறு போடுகிறதே நஞ்சுக்கொடி, அது உருவாவதற்கு வேண்டிய ஒரு மரபணு, ஏதோ ஒரு காலத்தில் வைரஸாக வெளியிலிருந்து நுழைந்து நம் மரபிழையில் ஒட்டிக்கொண்டதாம். நோய்க்கிருமியை எதிர்த்து நிற்க உடம்பு விதவிதமாக ஆயுதம் செய்கிறதே, அந்தச் சாமர்த்தியமும் இப்படிக் குதித்துத் திரிந்த ஒரு துண்டு எந்தக் காலத்திலோ அடங்கி வேலைக்கு உட்கார்ந்ததால் வந்ததாம். உயிர்கள் மாறி மாறி இந்த நிலைக்கு வந்ததே இதுகளையும் வைத்துத்தான் என்றாள். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன் பாபு, அது எனக்கு ஆறுதலாக இல்லை. உலகத்துக்கு எத்தனையோ கோடி வருஷத்தில் நடந்த நல்லது, என் பேரன் முட்டி வீங்கி ராத்திரியெல்லாம் அழுவதற்கு என்ன பதில்? அந்தத் துண்டுக்கு நம்மைத் தெரியாது. அதற்குக் கண்ணும் கிடையாது, கோபமும் கிடையாது, சாதி குலமும் கிடையாது. விழுந்த இடத்தில் விழுந்தது. துணி கட்டிய செடி பிற்பாடு நல்ல ரகமாக வந்தது என்று நான் உனக்குக் கதை சொல்லப்போவதில்லை. கவின் ரகமாகவும் வர வேண்டாம், ஒரு வெங்காயமாகவும் வர வேண்டாம், வளர்ந்தால் போதும்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. யாரையாவது திட்டினால்தான் நமக்கு மனசு அடங்குகிறது. பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற வேதனையைத் தாங்க முடியாமல் நீ மீனாவின் தலையில் இறக்கி வைக்கப் பார்க்கிறாய். உனக்கு வேதனை இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நீ அழுததை நான்தான் பார்த்தேன். அந்த அழுகையோடு நீ அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம். நீ பிளைட் ஏறினாய். பிழைப்பு, வேறு வழியில்லை, ஒத்துக்கொள்கிறேன். அங்கே போன பிறகு அந்த அழுகை எப்படி இந்த வீம்பாக மாறியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

உன் அம்மா இப்போது வேறொரு பேச்சு பேசுகிறாள். நேற்று கேப்பைக் கூழைக் கரைத்து என் முன்னால் வைத்துவிட்டு, "இன்னாங்க, ஒத்தக் காதோட புள்ளைய வுடக்கூடாதுன்றாங்க. இன்னொரு காதையும் குத்திட்டா தோஷம் போயிடுமாம்" என்றாள். நான் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டேன். எனக்குக் கத்தத் தெம்பில்லை, அதனால் எழுந்து போகிறேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து நின்றாள். "மீனாகிட்ட இல்லன்னு நெசமாவே சொல்ட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நான் அந்தப் பொண்ண அத்தினி பேச்சு பேசுனது?" என்றாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவளைக் குறை சொல்லாதே. நீ அனுப்பியதைத்தான் அவள் படித்தாள்.

அடுத்த பிள்ளைக்கு வருமா என்றும் டாக்டரம்மாவைக் கேட்டேன், நீ கேட்க நினைத்து மறைக்கிற கேள்வி அதுதான். வராமலிருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனாலும் சுத்தமாக வராது என்று கையெழுத்துப் போட முடியாது, கரு உண்டானதும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாம் என்றாள். இன்னொருத்தியைக் கட்டினால் மட்டும் வராது என்று உனக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர்களுக்கு ஒரு எழவும் தெரியாது. எந்த வீட்டுப் பெண்ணின் உடம்பிலும், எந்த வீட்டுப் பையன் உடம்பிலும் அந்தத் துண்டுகள் இருக்கின்றன. ஜாதகத்தில் அது தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற நாளெல்லாம் செல்வம்தான் பைக்கில் அழைத்து வருகிறான். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல், கண்டமங்கலத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும். மீனா பிள்ளையை நடுவில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருவாள். போன தடவை கவின் ஊசிக்குப் பயந்து செல்வத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அப்பா, வேணாம்ப்பா" என்றான். செல்வம் "அப்பா இல்லடா, மாமா. அப்பா ஃபாரின்ல கீறாரு, வருவாரு" என்று திருத்தினான். பிள்ளை அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் "அப்பா" என்றான். இந்தத் தடவை அவன் திருத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். மீனாவும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு நான் வருகிறேன். ஜமுக்காளத்தை விரித்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம் உட்காரும்போது நான் பெண் வீட்டார் பக்கம்தான் உட்காருவேன். ஊரில் சிரிப்பார்கள். பெற்ற மகனுக்கு எதிராக உட்கார்ந்தான் என்று சாகிற வரைக்கும் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? சொல்லட்டும். அவர்கள் ரத்தம் சரியில்லை என்று நீ வாயெடுத்தால், என் ரத்தமாகவும் இருக்கலாம் என்று நான் எழுந்து சபையில் சொல்வேன். அதைச் சொல்ல வைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்காமல் சனிக்கிழமையே நேராகக் கண்டமங்கலம் போ. பெரியவர்கள் யாரும் இல்லாமல் தனியாகப் போ. மீனாவிடம் பேச உனக்கு வாய் வராது, வர வேண்டாம். பிள்ளையைத் தூக்கு. ஆனால் எல்லாப் பிள்ளையையும் தூக்குகிற மாதிரி கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கிவிடாதே, மூட்டுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். அவனைத் தூக்க ஒரு பக்குவம் இருக்கிறது. உனக்கு அது தெரியாது. செல்வத்தைக் கேள், சொல்லித் தருவான்.

அப்பா